இரண்டாவது மானிட்டர் 1024×768க்கு மேல் ஏற மறுக்கிறது (ஸுபுண்டு 24.04 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஈ 4.18 டெஸ்க்டாப்)

நெய்தல்:
பழைய மடிக்கணினி, திரை 1366×768. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு மானிட்டரை விஜிஏ கேபிளில் இணைத்திருக்கிறேன். 1920×1080 என்று அதன் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் டிஸ்பிளே அமைப்பில் 1024×768தான் ஆகப் பெரிய அளவு. எழுத்தெல்லாம் குட்டையாகக் கொழுத்துத் தெரிகிறது. போதாக்குறைக்கு, கணினி உறங்கி எழும்போதெல்லாம் பேனல் (மெனுவும் கடிகாரமும் இருக்கும் பட்டை) ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறது. முழுவதையும் அழித்து மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன், பயனில்லை.

கற்றாழை:
இது எளிது. சிவிடி கட்டளைக்கு 1920, 1080, 60 என்று கொடுங்கள். ஒரு மோட்லைன் கிடைக்கும், அதாவது அந்த அளவுக்கு மானிட்டருக்கு அனுப்ப வேண்டிய சிக்னலின் கணக்கு. அதை, திரைகளை அமைக்கும் கட்டளையான எக்ஸ்ராண்டரில் நியூமோட், ஆட்மோட் என்ற விருப்பங்கள் வழியாகச் சேர்த்தால் முடிந்தது.

நெய்தல்:
அப்படியே செய்தேன். திரை இருண்டது. 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஒரு சிறு பெட்டி மட்டும் திரையில் மிதந்துகொண்டிருந்தது.

கற்றாழை:
அந்த மோட்லைன் 173 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் வேகம் கேட்கும். எல்லா மானிட்டரும் அவ்வளவு தாங்காது. சிவிடியோடு 'ஆர்' என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள், 138.5க்கு இறங்கிவிடும். மறுதொடக்கம் செய்தால் இது மறந்துபோகும் என்பதால் உள்நுழையும்போது தானாக ஓடும்படி 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்'பில் போட்டு வையுங்கள்.

கடைசி பெஞ்ச்:
கொஞ்சம் பொறுங்கள். காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமலே மாத்திரை கொடுக்கிறோம். நெய்தல், எக்ஸ்ராண்டரை வெறுமனே ஓட்டுங்கள். விஜிஏ வரியின் கடைசியில் மில்லிமீட்டர் கணக்கு என்ன வருகிறது?

நெய்தல்:
'0மிமீ × 0மிமீ'. மடிக்கணினித் திரைக்கு மட்டும் சரியான அளவு வருகிறது.

கடைசி பெஞ்ச்:
எதிர்பார்த்ததுதான். மானிட்டர் தன்னைப் பற்றி 128 பைட்டில் ஒரு குறிப்பு அனுப்பும், ஈடிஐடி என்பார்கள். எந்தெந்த அளவு தாங்கும், குறுக்கே எத்தனை சென்டிமீட்டர் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் கணினிக்கு அது வந்து சேரவே இல்லை. அதனால்தான் ஆபத்தில்லாத பழைய அளவுகளை மட்டும் காட்டுகிறது. எக்ஸ்எஃப்சிஈ மேல் குற்றமில்லை.

கேபிளைக் கழற்றி, அகலமான பக்கம் மேலே இருக்கும்படி முனையைப் பாருங்கள். வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை. நடு வரிசையில் நான்காவது ஊசி இல்லாவிட்டால் கவலை வேண்டாம், அது ஒன்பதாம் எண், பல கேபிள்களில் இருக்காது. கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவதும் கடைசியும் இருக்கின்றனவா? 12, 15. ஈடிஐடி அந்த இரண்டு கம்பியில்தான் வருகிறது.

நெய்தல்:
கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். 12 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம்! அக்கம்பக்கத்தில் ஒரு கேபிள் கடன் வாங்கி மாட்டினேன். டிஸ்பிளே அமைப்பைத் திறந்தவுடன் 1920×1080 முதல் வரியில் நிற்கிறது. இதற்காகவா ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்?

கற்றாழை:
என் வைத்தியம் தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டார்ட்அப்பில் போட்டதை மறக்காமல் நீக்குங்கள், இல்லாவிட்டால் சரியான கேபிளிலும் அது குழப்பும்.

கடைசி பெஞ்ச்:
இனி பேனல். டிஸ்பிளே அமைப்பில் எந்தத் திரை முதன்மை என்று குறியிடுங்கள். பிறகு பேனல் விருப்பங்களில் 'அவுட்புட்' என்பதைத் தானியங்கியிலிருந்து 'பிரைமரி'க்கு மாற்றுங்கள். தானியங்கியில் விட்டால் அது இஷ்டத்துக்கு உட்காரும். 'அட்வான்ஸ்ட்' தாவலில் இந்த அமைப்பை ஒரு புரொஃபைலாகவும் சேமித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இரண்டு திரைகளின் மேல்விளிம்பும் நேராக இருந்தால் பெரியதில் கீழே 312 பிக்சலுக்குப் பக்கத்தில் எதுவும் இருக்காது. அங்கே மவுஸ் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். மேசையில் எப்படி நிற்கின்றனவோ, அமைப்பிலும் அப்படியே இழுத்து வையுங்கள்.

நெய்தல்:
மூன்று முறை உறங்கவைத்து எழுப்பினேன், பேனல் அசையவில்லை. பழைய கேபிளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மறுபடி கைக்கு அகப்பட்டால் ஏமாறாமல் இருக்க, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.