புதுப்பிப்பு: ‘வாட்’ என்ற கேள்வி மட்டும் போதாது
ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல்லை நோக்கி ‘வாட்’ (என்ன) என்று கேட்டால் வரும் விடையே ஆப்ஜெக்ட், அதாவது செயப்படுபொருள், என்று சென்ற வாரம் இங்கு எழுதியிருந்தேன். அது முழுமையான விதியன்று. காரைக்குடியில் என்னிடம் மாலையில் படிக்க வரும் மாணவி ஒருத்தி, ‘ஆச்சி மேட் பணியாரம்’, ‘ஆச்சி பிகேம் எ டீச்சர்’ ஆகிய இரண்டிலும் அக்கேள்விக்கு விடை கிடைப்பதைக் காட்டி, இரண்டும் ஆப்ஜெக்டா என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. முற்றத்தில் அமர்ந்து இரண்டையும் தமிழில் சொல்லிப் பார்த்தோம்: ‘பணியாரத்தைச் செய்தார்’ என்று செயப்படுபொருளுக்குரிய ‘ஐ’ உருபு இயல்பாக ஏறுகிறது, ‘ஆசிரியரை ஆனார்’ என்று எவரும் சொல்வதில்லை. ஆச்சியும் ஆசிரியரும் ஒருவரே என்பதால், அங்கே ‘டீச்சர்’ எழுவாயை நிறைவுசெய்யும் காம்ப்ளிமென்ட் ஆகிறது. தமிழில் உருபு காட்டித்தருவதை ஆங்கிலத்தில் சொற்களின் வரிசையும் வினையின் இயல்புமே காட்டுகின்றன. ஆகவே, முன்பு குறிப்பெடுத்தவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.