‘ஆண்டிபட்டி வீடு’ குழு: எதிர்நீச்சல் முடிந்த இரவு

8 ஜூன் 2024, சனி

இரவு 10:04
பெரியத்தை: எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான்.

கம்பம் சித்தி: இப்போதுதான் டிவியை அணைத்தேன் மதினி. மனசே சரியில்லை.

அப்பா: என்ன ஆச்சு? யாருக்கு என்ன?

நான்: அப்பா, பதறாதீர்கள். எதிர்நீச்சல் சீரியல் முடிந்துவிட்டது.

அப்பா: அடச்சே! பக்கென்று ஆகிவிட்டது. அக்கா, ராத்திரி பத்து மணிக்கு இப்படி மொட்டையாகவா போடுவது?

பெரியத்தை: உனக்கென்ன தெரியும். 2022 பிப்ரவரியில் ஆரம்பித்தது. 700 எபிசோடுக்கு மேல். மூத்தவள் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட மண்டபத்து ரூமில் போனில் பார்த்தேன்.

கோவை தம்பி: தெரியும். போன் என்னுடையது, நெட்டும் என்னுடையது 😂

கோவை தம்பி: ஆனால் அத்தை, 700 ஓடியதற்கா இவ்வளவு வருத்தம்? நான் ‘1899’ என்று ஒரு சீரிஸ் பார்த்தேன். கப்பல் கதை, ‘டார்க்’ சீரிஸ் எடுத்தவர்களே எடுத்தது. மூன்று சீசன் என்று திட்டம் போட்டிருந்தார்கள். 2022 நவம்பரில் 8 எபிசோட் வந்தது, ஜனவரி பிறந்ததும் ரத்து. கடைசி சீனில் பெரிய முடிச்சு ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது இன்னும் அவிழவில்லை.

பெரியத்தை: எட்டு எபிசோடுக்கே நீ இத்தனை வரி எழுதுகிறாய். அப்போது எனக்கு எவ்வளவு இருக்கும்?

கோவை தம்பி: 🙏

பெரியத்தை: 🎤 குரல் பதிவு 2:41

அப்பா: இதைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை. யாராவது எழுதிப் போடுங்கள்.

நான்: சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டு மூத்தவர் குணசேகரனின் மகள் தர்ஷினி காணாமல் போன கதையை மாதக்கணக்கில் இழுத்தார்களாம், மிச்சக் கதை முழுவதையும் கடைசி நாட்களில் அள்ளிப்போட்டு மூடிவிட்டார்களாம். கதையில் வரும் அப்பத்தா சொத்தில் 40 சதவீதம், 40 சதவீதம் என்று நம்மை எத்தனை வாரம் உட்கார வைத்தார்கள் என்று கேட்கிறார். நடுவில் குக்கர் விசில் மூன்று.

கம்பம் சித்தி: சரியாகச் சொன்னீர்கள் மதினி. எனக்கு குணசேகரனாக நடித்த மாரிமுத்து சார் போனபோதே பாதி உயிர் போய்விட்டது.

அப்பா: அந்த மனுசன் நம்ம வருசநாட்டுப் பக்கம், பசுமலைத்தேரி. போன செப்டம்பர் 8. காலையில் இதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலி வந்து போய்விட்டார். ‘இந்தாம்மா ஏய்’ என்று அவர் குரல் கேட்டால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்ப்பேன்.

நான்: அப்படியென்றால் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்!

அப்பா: அவரை மட்டும்.

கம்பம் சித்தி: அவருக்கு அப்புறம் சீரியல் நடைப்பிணம்தான். நம்மை உட்கார வைத்ததே குணசேகரன்தானே.

பெரியத்தை: அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேல ராமமூர்த்தி ஐயா எழுத்தாளர், இறந்தவர் இடத்தில் வந்து நிற்பது லேசா? அவர் வேலையை அவர் செய்தார். குணசேகரன் கத்துவதா கதை? நாலு மருமகள்கள் அந்த வீட்டு வாசலைத் தாண்டுவதுதான் கதை. நந்தினிக்குச் சமையல், ரேணுகாவுக்கு டான்ஸ், ஈஸ்வரிக்குப் படிப்பு, ஜனனிக்குத் தைரியம். அவரவர் காலில் நின்று ஒரு மாசமாவது சம்பாதிப்பதைக் காட்ட வேண்டாமா? கணக்குப் பார்ப்பது, நஷ்டப்படுவது, மறுபடி எழுந்திருப்பது என்று அதைத்தான் பார்க்கக் காத்திருந்தேன். அடி வாங்குவதை 700 நாள் காட்டத் தெரிகிறது, நன்றாக இருப்பதை ஒரு வாரம் காட்டத் தெரியவில்லை.

நான்: அத்தை 👏👏

பெரியத்தை: ஒரு தையல் மிஷினுக்கு இந்த வீட்டில் நான் எத்தனை வருசம் கேட்டேன் என்று உங்கள் மாமாவுக்குத் தெரியும்.

பெரிய மாமா: 👍

கம்பம் சித்தி: அண்ணன் படிக்காமலே கட்டைவிரல் போட்டுவிட்டார் 😂😂

சித்தப்பா: [பல முறை அனுப்பப்பட்டது] அனைத்துப் பள்ளிகளும் ஜூன் 10 திங்கள்கிழமை திறக்கப்படும்

கம்பம் சித்தி: இந்த மனுசன் பக்கத்து ரூமில்தான் இருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இரவு 10:31
பெரியத்தை: என் மகன் எங்கே? சென்னையில் சீரியல் எடிட்டிங்கில்தானே இருக்கிறான். டேய், உனக்கு முன்னாலேயே தெரியுமா?

சென்னை அத்தான்: வேலையில் இருந்தேன் அம்மா. நாங்கள் வேறு யூனிட். பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். வியாழக்கிழமை ரேட்டிங் வரும். நாடு முழுக்க 55,000-க்கு மேல் வீடுகளில் டிவியோடு மீட்டர் வைத்திருக்கிறார்கள். யார் எந்தச் சானல் பார்த்தார்கள் என்று அதில் பதிவாகும். ராத்திரி ஒன்பதரை விளம்பரத்துக்கு நல்ல விலை போகிற நேரம். எண் இறங்கிக்கொண்டே போனால் அந்த இடத்துக்கு அடுத்த சீரியல் தயாராக நிற்கும்.

பெரியத்தை: நம் வீட்டில் மீட்டர் இல்லையே.

சென்னை அத்தான்: ஆமாம். நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த எண் மாறாது.

பெரியத்தை: ஒரு நாள் விடாமல் பார்த்தவள் கணக்கிலேயே இல்லையா? நன்றாயிருக்கிறது நியாயம்.

சென்னை அத்தான்: முடிக்கச் சொல்லிவிட்டால் முதலில் கிளைக்கதைகளைத்தான் வெட்டுவார்கள். அப்புறம் யாருடைய கால்ஷீட் இருக்கிறதோ அவர்களை வைத்து முடிவு. நான் வேலை பார்த்த ஒரு சீரியலில் வில்லிக்குத் தேதி இல்லை. அவர் போனில் மன்னிப்புக் கேட்பதாகவும், கதாநாயகி இந்தப் பக்கம் அழுவதாகவும் எடுத்தோம். போனில் கேட்ட குரல்கூட டப்பிங் வந்த வேறொரு பெண்ணுடையது.

கோவை தம்பி: 😂😂😂

சென்னை அத்தான்: சிரிக்காதே. லைட்மேன், மேக்கப் உதவியாளர் எல்லாம் நாள் சம்பளக்காரர்கள். இன்னொரு யூனிட் கிடைக்கிறவரை வீட்டில்தான் இருக்க வேண்டும்.

பெரியத்தை: அது பாவம்தான். ஆனால் டைரக்டர் திருச்செல்வம் சாருக்குமா முடிக்கத் தெரியாது? ‘கோலங்கள்’ சீரியலை 2003-லிருந்து 2009 வரைக்கும் கொண்டுபோனவர், 1,500 எபிசோடுக்கு மேல். இதில் ஜீவானந்தமாக அவரே வந்து நடித்தாரே. கூட ஆறு மாசம் கொடுத்திருந்தால் ஒழுங்காக முடித்திருப்பார்.

கம்பம் சித்தி: மதினி, இதற்காவது ஒரு முடிவு வந்தது. ‘அழகு’ ஞாபகம் இருக்கிறதா? ரேவதி நடித்தது.

பெரியத்தை: ஐயோ, அதைக் கிளப்பாதே.

கம்பம் சித்தி: 2020 மார்ச்சில் கொரோனாவால் ஷூட்டிங் நின்றது. மற்ற சீரியல்கள் ஜூலைக் கடைசியில் திரும்பி வந்தன. அழகு வரவே இல்லை. அழகு, கல்யாணப் பரிசு, தமிழ்ச்செல்வி, சாக்லேட் என்று நாலையும் ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள். அழகம்மை குடும்பம் அப்புறம் என்ன ஆனது என்று ஒரு வரி சொன்னார்களா?

நான்: சித்தி, நீங்கள் நாலு வருசமாகவா இதை மனசில் வைத்திருக்கிறீர்கள்?

கம்பம் சித்தி: பின்னே? அந்த லாக்டவுனில் தினமும் அந்த நேரத்துக்குச் சானலைத் திருப்பிப் பார்ப்பேன். பழைய மெட்டி ஒலியை மறு ஒளிபரப்புப் போட்டார்கள், அதையும் பார்த்தேன். இருந்தாலும் அழகு அழகுதானே.

கோவை தம்பி: சித்தி, என் கப்பலும் உங்கள் அழகம்மையும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

அப்பா: சரி, திங்கட்கிழமை அதே ஒன்பதரைக்கு வேறொன்று போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போங்களேன்.

பெரியத்தை: மாட்டேன். இனி எதுவானாலும் 200 எபிசோட் தாண்டட்டும். நிலைக்கும் என்று தெரிந்த பிறகு உட்காருகிறேன். பழகிவிட்டு ஏமாற முடியாது.

கோவை தம்பி: அத்தை, நாங்களும் இதையேதான் செய்கிறோம். சீரிஸ் மொத்தமும் முடிந்தால்தான் தொடுவோம்.

சென்னை அத்தான்: அதனால்தான்டா புதுசாக வருகிறதெல்லாம் முதல் மாசத்திலேயே படுக்கிறது. எல்லாரும் 200 தாண்டட்டும் என்று காத்திருந்தால் எது 200 தாண்டும்?

பெரியத்தை: மீட்டர் இல்லாதவள் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன என்று நீதானே சொன்னாய்?

சென்னை அத்தான்: …

அப்பா: 😂 அக்கா அடித்தாள் பார்.

பெரியத்தை: மீட்டர் இருக்கிற வீட்டுக்காரர்களைப் பார்க்கச் சொல். நான் அந்த நேரத்துக்குப் பிளவுஸ் தைக்கப் போகிறேன். கம்பம், உன் அளவு ரவிக்கையை அனுப்பி வை.

கம்பம் சித்தி: பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன் மதினி. லைனிங் வேண்டும், கை கொஞ்சம் நீளமாக.

பெரிய மாமா: 👍