புதுப்பிப்பு: பெலீஸில் மாயா இடிபாடும் குகை ஆறும் ஒரே நாளில்

மத்திய அமெரிக்க நாடான பெலீஸில், சான் இக்னாசியோ ஊரில் தங்கி ஷுனான்டுனிச் என்ற மாயா இடிபாட்டையும், டியூபில் மிதந்து போகும் நோஹோச் செயன் குகை ஆற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

"வெயில் ஏறுமுன் இடிபாடு, அப்புறம் குகை" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இடிபாட்டுக்குப் போக மோப்பன் ஆற்றைக் கடக்க, நான் போனபோது கையால் சக்கரம் சுற்றி நகர்த்தும் படகு இருந்தது. அதுவே ஒரு வேடிக்கை. அங்குள்ள சுமார் 40 மீட்டர் உயர எல் காஸ்தியோ பிரமிடின் உச்சியிலிருந்து குவாத்தமாலா தெரிகிறது. பிரமிடின் கிழக்குப் பக்கச் சுதைச் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். கண்ணில் படுவது நகல்தான், மூலம் அதன் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

எதிர்பாராதது: குகையில் மிதக்குமுன் டியூபை (காற்றடைத்த ரப்பர் வளையம்) சுமந்துகொண்டு காட்டுக்குள் அரைமணி நேரம்போல நடை, நடுவில் ஆற்றையும் கடக்க வேண்டும். செருப்பு சரிவராது, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற ஷூ போடுங்கள். மழையில் ஆறு பெருகினால் குகையை மூடிவிடுவார்கள், காலையிலேயே விசாரியுங்கள்.