பையனின் ஸ்கவுட் சட்டை: இடது கையில் இடம் போதவில்லை, ஞாயிறு விழா, உதவி தேவை!

மதுரைப்பொண்ணு (வியாழன் இரவு 10:12)
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை கோர்ட் ஆஃப் ஆனர், அதாவது ஸ்கவுட்டில் விருது கொடுக்கும் விழா. ஒரு ஜிப்லாக் பை நிறைய பேட்ச், கூட இரண்டு பின், இவ்வளவையும் கையில் கொடுத்து "சட்டையில் தைத்துப் போட்டுக்கொண்டு வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். இடது கையில் எப்படி அடுக்கினாலும் கடைசிப் பேட்ச் ஓரத்து மடிப்பில் போய் நிற்கிறது. நெட்டில் பார்த்தால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி. தெரிந்தவர்கள் சரியான வரிசையைச் சொல்லுங்களேன்.

இரண்டுபையன்அப்பா
எந்த நாட்டு ஸ்கவுட்? அமெரிக்காவா, சிங்கப்பூரா, நம்ம ஊரா?

எடிசன்மாமி
அமெரிக்காவாக இருந்தால் சின்னப் பிள்ளைகளின் கப் ஸ்கவுட்டா, பெரிய பிள்ளைகளின் ட்ரூப்பா? சட்டை நீலமா, காக்கியா? ஒரு போட்டோ போடும்மா.

கோந்துடப்பா
எதற்குத் தைக்கிறீர்கள்? இரண்டு பக்கமும் ஒட்டும் பேட்ச் ஷீட் கிடைக்கிறது. வெட்டி, ஒட்டி, அழுத்தினால் முடிந்தது. என் மகன் சட்டையில் மூன்று வருடமாக ஒரு தையல் கூடக் கிடையாது.

கமிட்டிக்காரர்
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. "கைட் டு அவார்ட்ஸ் அண்ட் இன்சிக்னியா" என்று ஒரு புத்தகமே இருக்கிறது, யூனிஃபார்ம் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் இலவசமாகவே கிடைக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும்போதே அதைப் படித்திருந்தால் வியாழக்கிழமை ராத்திரி இப்படித் தவிக்க வேண்டியதில்லை. சரி, இடது கை வரிசை இதுதான்: தோள் தையலைத் தொட்டபடி கவுன்சில் (வட்டார அமைப்பு) பேட்ச், அதைத் தொட்டபடி ட்ரூப் நம்பர், நம்பரைத் தொட்டபடி பதவிப் பேட்ச். நடுவில் இடைவெளி விடக் கூடாது. வலது கையில் தோள் தையலை ஒட்டிக் கொடி, அதன் கீழே பேட்ரோல் (ட்ரூப்புக்குள் இருக்கும் சிறு குழு) பேட்ச். இதில் என்ன குழப்பம்?

நூல்கண்டு
கமிட்டி சார் சொன்ன வரிசை சரி. ஆனால் இடம் போதவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. மதுரைப்பொண்ணு, நான்கு விஷயம் சொல்லுங்கள். சட்டை புதிதா பழையதா? இடது கையில் பட்டன் வைத்த குட்டிப் பாக்கெட் இருக்கிறதா? 2008இல் வந்த சட்டையில் அது இருந்தது, இப்போது வருவதில் இல்லை. கவுன்சில் பேட்ச் ஏற்கெனவே தைத்திருக்கிறதா, நீங்கள் தைக்க வேண்டுமா? பையில் 25, 50 என்று எண் போட்ட சின்னப் பட்டை ஏதாவது இருக்கிறதா?

பழையசாரணர்
நான் தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளியில் படித்தபோது ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது வரை போனவன். எங்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப். உறுப்பினர் பேட்ஜ் இடது பாக்கெட்டில் இருக்கும். இடது கை நெஞ்சுக்குப் பக்கம், அதனால் முக்கியமானது எல்லாம் இடது பக்கம் என்று எங்கள் சார் சொல்வார். அந்தக் கணக்கில் பார்த்தால் கொடியும் இடது பக்கம்தானே வர வேண்டும்? வலது கையில் ஏன் தைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

இரண்டுபையன்அப்பா
அதைவிட எனக்கு வேறு சந்தேகம். அமெரிக்க ராணுவ வீரர்களின் வலது தோளில் நட்சத்திரக் கட்டம் முன்பக்கம் பார்த்து இருக்கிறது, கொடி முன்னால் போகிற மாதிரி. ஸ்கவுட் சட்டையில் அதே வலது கையில் கட்டம் பின்பக்கம் பார்க்கிறது. கடையில் தவறான பேட்ச்சை விற்கிறார்களா?

கமிட்டிக்காரர்
தவறு எதுவும் இல்லை. ராணுவத்துக்கு ராணுவ விதி. ஸ்கவுட்டில் சாதாரணக் கொடிதான், பார்ப்பவரின் இடப்பக்கம் நட்சத்திரக் கட்டம். திருப்பிப் போட்ட ராணுவப் பேட்ச்சை வாங்கித் தைத்துவிட்டு "இதுதான் மரியாதை" என்று என்னிடமே வாதாடிய அப்பாக்கள் உண்டு.

பழையசாரணர்
அமெரிக்கக் கொடிச் சட்டத்திலேயே நெஞ்சுக்கு அருகில், இடது பக்கம் என்று எழுதியிருக்கிறதே ஐயா?

கமிட்டிக்காரர்
அது கோட்டின் மடிப்பில் குத்தும் கொடிப் பின்னுக்குச் சொன்னது. சீருடையில் தைக்கும் பேட்ச்சைப் பற்றி அதே பத்தியில் தனியாக இருக்கிறது: ராணுவம், தீயணைப்பு, போலீஸ், தேசபக்தி அமைப்புகள் ஆகியோர் தைத்துக்கொள்ளலாம் என்கிறது, எந்தக் கை என்று சொல்லவில்லை. பாதி வரியைப் படித்துவிட்டு வராதீர்கள்.

எடிசன்மாமி
கொடியை விடுங்கப்பா, அந்தப் பொண்ணு எங்கே?

மதுரைப்பொண்ணு (வெள்ளி காலை 7:05)
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். அமெரிக்கா, டெக்சாஸ். காக்கிச் சட்டை, ட்ரூப், அரைக்கை. பையனுக்குப் பதினொரு வயது, ஆள் ரொம்பச் சின்னவன். தெரிந்த வீட்டுப் பையன் போட்ட சட்டை, ஆமாம், கையில் குட்டிப் பாக்கெட் இருக்கிறது. கவுன்சில் பேட்ச் அவர்கள் தைத்தது அப்படியே இருக்கிறது, தோள் தையலுக்கு ஒரு கட்டைவிரல் அகலம் கீழே. 50 என்ற பட்டையும் இருக்கிறது! அது என்ன? அப்புறம் மூன்று இலக்க நம்பர், இரண்டு பச்சைக் கோடு போட்ட பேட்ச், டெண்டர்ஃபுட் என்ற ரேங்க் பேட்ச். பின்களில் ஒன்று டெண்டர்ஃபுட் மாதிரியே குட்டியாக இருக்கிறது, இன்னொன்று கப் ஸ்கவுட்டில் வாங்கிய தர்மா என்ற இந்து சமய மெடல். இரண்டையும் எங்கே குத்துவது? ஆபீஸ் கிளம்புகிறேன், சாயங்காலம் பார்க்கிறேன்.

நூல்கண்டு
இப்போது எல்லாம் புரிகிறது. மூன்று காரணம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

முதலில் கவுன்சில் பேட்ச்சைப் பிரியுங்கள். பேட்ச்சுக்கும் துணிக்கும் நடுவில் தையல் பிரிக்கும் கொக்கியை விட்டு, சட்டையின் உள்பக்க நூலை மட்டும் அறுத்துக்கொண்டே போனால் பேட்ச் கெடாது. பிரித்ததைத் தோள் தையலோடு ஒட்டி வைத்தாலே ஒரு கட்டைவிரல் இடம் கிடைத்துவிடும்.

50 என்பது ட்ரூப் ஆரம்பித்து ஐம்பது வருடம் ஆனதற்கான பட்டை. கவுன்சில் பேட்ச்சுக்கும் நம்பருக்கும் நடுவில், இரண்டையும் தொட்டபடி வரும். இடத்தைத் தின்பதே அதுதான், கமிட்டி சார் சொன்ன வரிசையில் அது விட்டுப்போனதால்தான் உங்களுக்குக் கணக்கு உதைத்தது. எங்கள் ட்ரூப்பில் சின்ன சைஸ் சட்டைக்காரர்கள் அதைத் தைப்பதில்லை. உங்கள் ட்ரூப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பச்சைக் கோடு பேட்ரோல் லீடர் பேட்ச், பையனுக்கு வாழ்த்துகள். அதைக் கைப்பாக்கெட்டின் மேலேயே தைக்கலாம், அந்த மாடல் சட்டை போட்டவர்கள் பலரும் அப்படித்தான் தைத்தார்கள். மிஷினில் தைத்தால் பாக்கெட் மூடிக்கொள்ளும், எப்படியும் அதில் யாரும் எதுவும் வைப்பதில்லை.

டெண்டர்ஃபுட் இடது மார்புப் பாக்கெட்டின் நடுவில். அதற்கு முந்தைய "ஸ்கவுட்" என்ற ரேங்க்கின் பேட்ச் அங்கே இருந்தால் எடுத்துவிடுங்கள், இப்போதைய ரேங்க் மட்டும்தான் இருக்க வேண்டும். இதைக் கையால் தையுங்கள், பாக்கெட்டுக்குள் ஒரு அட்டைத் துண்டை விட்டுக்கொண்டால் ஊசி பின்துணியைக் கவ்வாது. நெருக்கித் தைக்க வேண்டாம், சீக்கிரமே அடுத்த ரேங்க்கான செகண்ட் கிளாஸ் வந்துவிடும், மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

எடிசன்மாமி
அந்தக் குட்டி டெண்டர்ஃபுட் பின் பையனுக்கு இல்லைம்மா, உனக்கு! ரேங்க் வாங்கும்போது அம்மாவுக்கு என்று ஒன்று தருவார்கள், மேடையில் பிள்ளையே குத்திவிடுவான். நான் முதல் தடவை பட்டுப்புடவையில் போய் அந்தப் பின்னை எங்கே குத்துவது என்று அவன் முழித்தான். பல அம்மாக்கள் ஒரு ரிப்பனில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டுபையன்அப்பா
தர்மா மெடலை விழா மாதிரி நாட்களில் இடது பாக்கெட்டுக்கு மேலே குத்தலாம். தினசரிக்கு அதற்குப் பதில் ஒரு சின்ன நாட் பேட்ச் இருக்கிறது, ஊதாத் துணியில் வெள்ளி முடிச்சு, அதுவும் பாக்கெட்டுக்கு மேலேதான். கப் ஸ்கவுட்டில் வாங்கியதாக இருந்தாலும் ட்ரூப் சட்டையில் போடலாம். பெரியவர்களுக்கு நிறம் மாறும், வெள்ளியில் ஊதா முடிச்சு, கடையில் பார்த்து வாங்குங்கள். ட்ரூப் வயதில் அடுத்தது கர்மா விருது, அதையும் செய்யச் சொல்லுங்கள்.

கப் ஸ்கவுட்டின் உச்ச விருதான ஆரோ ஆஃப் லைட் வாங்கியிருந்தால் அந்த நீளப் பேட்ச் இடது பாக்கெட்டுக்குக் கீழே வரும். கப் ஸ்கவுட் பெல்ட் லூப், அட்வென்ச்சர் பின் எதுவும் ட்ரூப் சட்டைக்கு வராது. அப்புறம் தோளில் இருக்கும் லூப் நீலமா என்று பாருங்கள், ட்ரூப்புக்குப் பச்சை.

கோந்துடப்பா
இவ்வளவையும் ஊசியால் தைத்தால் ஞாயிறு இல்லை, அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும். திரும்பவும் சொல்கிறேன், ஒட்டும் ஷீட்.

நூல்கண்டு
ஒட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடி, நம்பர் மாதிரி மாறாத பேட்ச்சுக்குச் சரி. ஆறு மாதத்தில் மாறப்போகிற ரேங்க் பேட்ச்சுக்கு ஒட்டினால் பிய்க்கும்போது பசை சட்டையில் தங்கிவிடும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகும், அதன் மேல் அடுத்த பேட்ச் கோணலாக உட்காரும். என் வீட்டில் அப்படி ஒரு சட்டை இருக்கிறது. அயர்ன் செய்து ஒட்டுவதாக இருந்தால் பாலியஸ்டர் கலந்த சட்டையா என்று லேபிளைப் பாருங்கள், சூடு அதிகமானால் துணி பளபளத்துப் போகும்.

கோந்துடப்பா
மூன்று வருடம்! ஒரு ஓரம் கூடத் தூக்கவில்லை!

எடிசன்மாமி
மூன்று வருடமாக ரேங்க் மாறவே இல்லையா தம்பி?

கோந்துடப்பா
அது வேறு கதை.

கமிட்டிக்காரர்
பட்டை விட்டுப்போனதாக நூல்கண்டு எழுதியிருக்கிறார். கேள்வியில் இல்லாத பட்டைக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. வலது பாக்கெட்டைப் பற்றி இன்னும் யாரும் வாயே திறக்கவில்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். கேம்ப் பேட்ச் மாதிரி தற்காலிகமானது அங்கே ஒன்றே ஒன்றுதான். நான்கைந்தை அடுக்கிக்கொண்டு வராதீர்கள். மிச்சத்தைப் போர்வையிலோ ஜாக்கெட்டிலோ தைத்துக்கொள்ளலாம்.

இரண்டுபையன்அப்பா
யூனிஃபார்ம் போலீஸ் வந்தாச்சு. சார், ஒரு பேட்ச் அரை இஞ்ச் கீழே இருந்தால் அந்தப் பிள்ளை கூடாரம் அடிக்க மாட்டானா?

கமிட்டிக்காரர்
அரை இஞ்ச் பரவாயில்லை என்கிறவர்தான் நேற்று கொடியின் கட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டவர்.

பழையசாரணர்
கொடி இடது பக்கம் இருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

மதுரைப்பொண்ணு (சனி இரவு 11:48)
தைத்தாச்சு. கவுன்சில் பேட்ச்சை மேலே ஏற்றினேன், 50 பட்டை வேண்டாம் என்று ட்ரூப்பிலும் சொல்லிவிட்டார்கள், லீடர் பேட்ச் கைப்பாக்கெட்டில், எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டது. லூப் நீலம்தான் இருந்தது, பச்சை வாங்கிவிட்டேன். நாட் கிடைக்கவில்லை, மெடலையே குத்துகிறான். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

நூல்கண்டு
நல்லது. மார்புப் பாக்கெட் திறக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தீர்களா?

இரண்டுபையன்அப்பா
பழையசாரணர் ஐயா, கொடி விஷயத்துக்குத் தனி இழை ஆரம்பித்திருக்கிறேன், அங்கே வாருங்கள்.