“பெரிய கொசு” என்று சொல்லலாமா, கூடாதா?

முதுநகர்வாசி:
மழை பிடித்ததிலிருந்து எங்கள் வீட்டு வாசல் டியூப்லைட்டைச் சுற்றி நீளக் கால் பூச்சிகள் வருகின்றன. நேற்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் “பெரிய கொசு, பெரிய கொசு” என்று கத்திக்கொண்டே கொசு பேட்டால் ஏழெட்டை அடித்துப் போட்டுவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. அது கொசுவே இல்லை. ஆங்கிலத்தில் கிரேன் ஃபிளை என்பார்கள். கடிக்காது, ரத்தம் உறிஞ்சும் ஊசிவாயும் அதற்குக் கிடையாது. வளர்ந்த பிறகு சில நாள்தான் உயிர். அந்த நாட்களிலும் கொஞ்சம் தேனோ தண்ணீரோ குடிக்கும், பல வகைகள் ஒன்றுமே சாப்பிடுவதில்லை. இதற்கு நம் மொழியில் நல்ல பெயர் ஒன்று புழங்க வேண்டும். கிரேன் என்றால் நாரை, அதனால் ‘நாரை ஈ’ எப்படி?

பாகூரான்:
எதற்கு நாரை? ஆங்கிலக்காரர் அதன் காலைப் பார்த்துப் பறவையை நினைத்தார் என்றால் அது அவர் கண். நான் எங்கள் ஏரியில் தினமும் நாரை பார்க்கிறவன். இந்தப் பூச்சியைப் பார்த்து ஒருநாளும் நாரை ஞாபகம் வந்ததில்லை. பெரிய கொசு என்பது என் அம்மா சொன்ன பெயர். வவ்வால் மீன் என்கிறோம், அது வவ்வாலா? கடல் குதிரை குதிரையா? பெயர் ஒன்றைக் காட்டினால் போதும், பாடம் நடத்த வேண்டியதில்லை.

முதுநகர்வாசி:
வவ்வால் மீனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லையே அண்ணா. இங்கே பெயரால்தான் அடி விழுகிறது. யானைக்கால் நோய் நம் பக்கத்தில் எத்தனை பேரை முடக்கியது என்று உங்களுக்கே தெரியும். கொசு பரப்பும் நோய்களை ஆராய 1975இல் புதுச்சேரியில் தனி மையமே தொடங்கினார்கள். என் பாட்டிக்கு வலது கால் கடைசிவரை வீங்கியே இருந்தது. எங்கள் வீட்டில் கொசு என்பது சாதாரணச் சொல் இல்லை. அதோடு ‘பெரிய’வும் சேர்ந்தால் யார் சும்மா விடுவார்கள்?

முத்தியால்பேட்டை டீச்சர்:
இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. பிரெஞ்சு மக்கள் பேச்சில் கொசுவுக்கும் இந்தப் பூச்சிக்கும் ‘குசேன்’ என்ற ஒரே பெயர் உண்டு. மாமா பிள்ளை, சித்தப்பா பிள்ளையைச் சொல்லும் சொல்லும் அதே ஒலிதான், ஆனால் வேர் வேறு. பூச்சியின் பெயர் கொசுவுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரிட்டனில் இதற்கு டாடி லாங்லெக்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் அதே பெயரைச் சொன்னால் எட்டுக் கால் உள்ள, சிலந்தி மாதிரியான வேறொரு உயிரைக் காட்டுவார்கள். சிலர் வீட்டு மூலையில் வலை கட்டும் நீளக் கால் சிலந்தியைக் காட்டுவார்கள். இந்தப் பூச்சிக்கு அங்கே வழங்கும் இன்னொரு பெயர் ‘கொசுப் பருந்து’, கொசுவைப் பிடித்துத் தின்னும் என்ற நம்பிக்கையில் வந்தது. அந்த நம்பிக்கை தவறு.

நெல்லிக்குப்பம் கரும்பு:
டீச்சர், கொசுவைத் தின்னும் பெரிய கொசு ஒன்று இருக்கிறது என்று எங்கேயோ படித்தேனே?

முத்தியால்பேட்டை டீச்சர்:
இருக்கிறது தம்பி. டாக்சோரிங்கைட்டிஸ் என்று பெயர், அது நிஜமான கொசு. மரப்பொந்துத் தண்ணீரில் அதன் புழு மற்ற கொசுப் புழுக்களைத் தின்னும். வளர்ந்த பிறகு ரத்தம் குடிக்காது, உறிஞ்சுகுழல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். சரியாகப் பார்த்தால் ‘பெரிய கொசு’ என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். பாகூர் அண்ணனின் கட்சி இங்கேதான் பலவீனமாகிறது.

நெல்லிக்குப்பம் கரும்பு:
கிரேன் ஃபிளையின் புழு பயிரைக் கெடுக்குமா?

முதுநகர்வாசி:
பெரும்பாலான வகைகளின் புழு ஈரமண்ணிலும் அழுகிய இலையிலும் கிடந்து அந்த மக்கலையே தின்னும். சில வகை வேரைக் கடிக்கும். 1935இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்துப் புல்லையே இந்தப் புழுக்கள் மொட்டையடித்தன. மொத்தம் 15,000 வகைக்கு மேல் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அலெக்சாண்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் (1889–1981) ஒருவரே இதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளுக்குப் பெயர் வைத்தார். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க இதற்காக உட்கார்ந்திருக்கிறார். நாம் ஒரே ஒரு பெயர் யோசிக்கக் கூடாதா?

பாகூரான்:
சரி, கொசு வேண்டாம். டீச்சர் சொன்ன அந்த நிஜப் பெரிய கொசுவை நான் யோசிக்கவில்லை. ஆனால் ‘ஈ’யும் வேண்டாம். ஈ என்றால் எங்கள் ஊரில் சோற்றில் உட்காருவது. இரண்டு சிறகு இருப்பதால் ஈ இனம் என்று புத்தகம் சொல்லலாம். அந்தக் கணக்கில் கொசுவும் ஈ இனம்தானே, அதை யார் ஈ என்கிறார்கள்? ‘நெடுங்கால் பூச்சி’ என்று வையுங்கள். ஊசுட்டேரியில் நெடுங்கால் உள்ளான் என்ற பறவை நிற்கிறது, அந்தச் சொல் நமக்குப் புதிதில்லை.

முத்தியால்பேட்டை டீச்சர்:
அழகான சொல். ஆனால் சுவர் மூலையில் நீளக் காலோடு தொங்கும் சிலந்தியையும் நாளைக்கு யாராவது அப்படித்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் நடந்த அதே கதை. என் பேத்தி இதை ‘ஊஞ்சல் பூச்சி’ என்கிறாள். சுவரில் ஒட்டிக்கொண்டு உடம்பை மேலும் கீழும் ஆட்டுகிறதாம். நானும் பார்த்தேன், ஆட்டத்தான் செய்கிறது.

முதுநகர்வாசி:
எல்லா வகையும் ஆடாது டீச்சர். எங்கள் வாசலுக்கு வருவது காலைப் பரப்பி அசையாமல் ஒட்டிக்கொள்ளும். தொட்டால் கால்தான் கையோடு வரும். நாரையை விட்டுவிடுகிறேன், ஈயை விட மாட்டேன். ‘நெடுங்கால் ஈ’ என்றால் யாரும் சிலந்தியை நினைக்க மாட்டார்கள்.

பாகூரான்:
ஈக்கு நான் சம்மதிக்க மாட்டேன் தம்பி. ஊஞ்சல் பூச்சி என்றால் பேட்டை எடுக்கப் பிள்ளைகளுக்குக் கை வராது. நீ கேட்டதும் அதுதானே? எங்கள் மாட்டுக்கொட்டகை விளக்கடிக்கு வருவது ஆடுகிறதா என்று இன்று இரவு பார்க்கிறேன். ஆடினால் எங்கள் வீட்டில் இனி அதுதான் பெயர்.