தடை வந்தப்புறம் குளத்துல என்ன மீன் விட்டீங்க?
எல்லாருக்கும் வணக்கம், ஒரு ஹெல்ப் வேணும். ஆப்பிரிக்கன் கெளுத்திக்கு தடைன்னதும் குளத்த காலி பண்ணியாச்சு. வெள்ளத்துல தப்பிச்சு ஆத்துக்குப் போனா நாட்டு மீனையெல்லாம் தின்னுடும்ங்கறது நியாயம்தான், அதுல சண்டையில்ல. ஆனா நம்மளுது சின்ன குளம், ஏரேட்டர் (தண்ணிக்குள்ள காத்து கலக்குற மெஷின்) கிடையாது, கெளுத்தின்னா மேல வந்து காத்த குடிச்சு பொழச்சுக்கும், கட்லா ரோகு விட்டா விடியக்காலைல ஆக்சிஜன் கொறஞ்சு வாயப் பொளந்துட்டு மெதக்குது, வளரவும் லேட்டு, தீவனத்த கடனுக்கு குடுத்த கடைக்காரர் அதுவரைக்கும் பொறுப்பாரா? விரால் காத்து குடிக்கும், ஆனா பெருசு சின்னத தின்னுடும், அடிக்கடி பெருசு சின்னத அளவு பாத்து தனித்தனியா பிரிக்கணும். பெரிய பண்ணைக்காரங்க ஈஸியா மாறிட்டாங்க, அவங்களுக்கென்ன. சின்ன குளத்துல வேற மீனுக்கு மாறினவங்க யாராவது இருந்தா எந்த மீன், எவ்ளோ குஞ்சு விட்டீங்கன்னு சொல்லுங்க. நஷ்டஈடு ஏதாவது வாங்கினவங்க யாராவது இருந்தா மனு எப்டி போட்டீங்கன்னும் சொல்லுங்க ப்ளீஸ்.