சிறுவர் கால்பந்துக் குழு: பொருளாளர் ஜிபேயில் சந்தா வாங்கலாமா? வரிவிலக்கு எப்படி?

கோத்தகிரிக்காரன்:
60 பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுக்கிறோம். மாதச் சந்தா 200 ரூபாய், பொருளாளரின் ஜிபேயில்தான் வருகிறது. சங்கமாகப் பதிந்தால் வரிவிலக்கு தானாகக் கிடைக்குமா? ஒருவர் 50,000 தரத் தயார், 80ஜி ரசீது (கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்கும் நன்கொடை ரசீது) கேட்கிறார்.

கணக்கர்_குன்னூர்:
தானாகக் கிடைக்காது தம்பி. சங்கப் பதிவு வேறு, சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி பதிவு வேறு, 80ஜி ஒப்புதல் வேறு.

முதலில் ஜிபேயை நிறுத்துங்கள். வருடத்துக்கு 1,44,000 ரூபாய் ஒருவரின் சொந்தக் கணக்கில் புரண்டால், வருமான வரித் துறை கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது அவர்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து பதியுங்கள். பிறகு சங்கத்தின் பெயரிலேயே பான், வங்கிக் கணக்கு, கியூஆர். காசோலைக்கு இருவர் கையெழுத்து, அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக வேண்டாம்.

துணைவிதியில் 'கலைத்தால் மீதிச் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்கே போகும், உறுப்பினர்களுக்கு அல்ல' என்ற வரி அவசியம். அது இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் சிக்குகின்றன.

ஊட்டி_ஆடிட்டர்:
விளையாட்டை வளர்ப்பது அறநோக்கம் என்று 1984-லேயே நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. செலவை ஈடுகட்டும் சந்தா பிரச்சினை இல்லை. லாபம் வைத்து விற்கும் ஜெர்சியும், மைதானத்தில் கட்டும் ஸ்பான்சர் பேனருக்கு வாங்கும் பணமும்தான் வம்பு. பேனர் கட்டினால் அது விளம்பரக் கட்டணம், நன்கொடை ரசீது போடாதீர்கள்.

12ஏபிக்கு, சங்கத்தின் பெயரில் பயிற்சி தொடங்கும் முன் 10ஏ படிவம் போட்டால் 3 வருடத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். தொடங்கிய 6 மாதத்துக்குள் நிரந்தரப் பதிவுக்கான 10ஏபி படிவம் போட வேண்டும். 3 வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுகிறார்கள், பதிவு போய்விடுகிறது. இந்தப் பிரிவு, படிவ எண்கள் எல்லாம் பழையவை. 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்பதால் வருமான வரிப் போர்ட்டலில் புது எண்ணைப் பாருங்கள்.

கணக்கர்_குன்னூர்:
அந்த 50,000-ஐ 80ஜி வந்த பிறகு, வங்கி வழியாக வாங்குங்கள். 2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அவருக்கு வரிக்கழிவு இல்லை. அவர் புதிய வரி முறையில் இருந்தால் எப்படியும் இல்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள். வருடம் முடிந்ததும் மே 31-க்குள் போர்ட்டலில் நன்கொடைப் பட்டியல் ஏற்றாவிட்டால் அவருக்கு நன்கொடைச் சான்றிதழ் வராது, சங்கத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணமும் உண்டு.

மேட்டுப்பாளையம் மேட்சுக்கு வேன் பிடித்தால் டிரைவர் பில் தரமாட்டார். வவுச்சரில் வண்டி எண், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 5,000-க்கு மேல் ரொக்கமென்றால் ஒரு ரூபாய் ரெவன்யூ ஸ்டாம்ப். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அறச்செலவாகவே ஏற்கமாட்டார்கள்.

கோத்தகிரிக்காரன்:
நன்றிங்க. திருப்பூர் ஜெர்சி பில் செயலாளர் பேரில் இருக்கு, மாத்தச் சொல்றேன்.